ரசீதின் அடியில் ஒரு வரி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசும் மேடையில் கோர்ட்டு விவகாரம் பேச வந்துள்ளோம், பொறுத்தருள வேண்டும். நாம் வழக்கறிஞர் அல்லோம். ரயில்வேயில் ரசீது எழுதுவது நமது பிழைப்பு. ஆயினும் பிறர் எழுதிய ரசீதின் அடியில் இருக்கும் சிற்றெழுத்தைப் படிக்காமல் விட்டு ஒரு முறை ஏமாந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகி இக்காலனிக்கு வந்தபோது, வீட்டுச் சாமான்களை ஒரு லாரிக் கம்பெனியில் ஏற்றி அனுப்பினோம். பீரோக் கண்ணாடி தூளாகவும், கிரைண்டர் கல் இரண்டாகவும் வந்து சேர்ந்தன. நஷ்டம் கேட்டோம். கிளை அலுவலகத்தார் ரசீதின் ஒரு வரியைச் சுட்டிக் காட்டினர். வழக்கு எதுவாயினும் வடக்கேயுள்ள இன்ன நகரத்துக் கோர்ட்டில் மட்டுமே தொடுக்கலாமாம். அந்நகரம் இரண்டு நாள் ரயில் பயணம். பாஸ் கிடைக்கும், லீவு கிடைக்க வேண்டுமே! வாய் மூடித் திரும்பினோம்.

அவ்வரி சட்டத்தின் முடிவு அன்று என்பதை நமக்கு உணர்த்தியது நம் மலையோரத்து ஏலக்காய் வழக்கு ஒன்று. வண்டன்மேட்டிலும் நெடுங்கண்டத்திலும் உறவினர் உள்ளோர்க்குப் போடிநாயக்கனூரைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. இடுக்கி மலையில் விளைந்த ஏலம் அங்கே இறங்கி, தரம் பிரிக்கப்பெற்று, வடநாடு செல்கிறது. அவ்வூரில் பிரசாத் டிரேடிங் கம்பெனி என்னும் ஏலக்காய் வணிகர், படேல் ரோட்வேஸ் என்னும் லாரிக் கம்பெனியின் கிளையில் டில்லிக்குச் சரக்கு ஒப்படைத்தனர். டில்லிக் கிடங்கில் தீப்பிடித்துச் சரக்கு கெட்டது. பெற வேண்டியவர் பெற மறுத்தார். வணிகர் பெரியகுளம் சப்கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தனர். கம்பெனியோ, "எமது தலைமை அலுவலகம் பம்பாயில் உள்ளது, ஒப்பந்தத்திலும் பம்பாய்க் கோர்ட்டு என்றே கண்டிருக்கிறது, பெரியகுளத்துக்கு அதிகாரம் இல்லை" என்றது.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. மனிதனுக்கு வீடு உண்டு. கம்பெனிக்கு வீடு எது? இது நம் நாட்டுக் கேள்வி மட்டும் அன்று. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்துச் செருப்புக் கம்பெனி ஒன்று, தொலைவிலுள்ள வாஷிங்டன் மாகாணத்துக்கு விற்பனையாளர்களை அனுப்பி வந்தது. அவர்களிடம் ஒவ்வொரு ஜோடியிலும் ஒற்றைச் செருப்பை மட்டுமே மாதிரியாகக் கொடுத்து வைத்திருந்ததாம்! அங்கே எமக்கு அலுவலகமே இல்லை என்றும் வாதாடியது. 1945-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஒரு மாகாணத்தில் இடைவிடாது வியாபாரம் செய்து பயனடைந்த கம்பெனி, அவ்வியாபாரத்தால் எழும் வழக்குக்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்றது.

நம் நாட்டில் இதற்கு விடை 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், 20-ஆம் பிரிவில் உள்ளது. பிரதிவாதி வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரிலோ, வழக்குக்குக் காரணமான காரியம் முழுதுமோ ஒரு பகுதியோ நடந்த ஊரிலோ வழக்கிடலாம். கம்பெனி எங்கே தொழில் நடத்துகிறது என்பதற்கு அங்கே ஒரு விளக்கவுரை உண்டு: தலைமை அலுவலகம் உள்ள இடத்தில், அல்லது, காரியம் நடந்த ஊரில் கிளையும் இருப்பின் அவ்வூரில்.

போடி வழக்கு அந்த "அல்லது" என்னும் ஒரு சொல்லிலேயே தீர்ந்தது. 1991-இல் நம் சுப்ரீம் கோர்ட்டு கூறியதன் சாரம் இது: காரியம் நடந்த ஊரில் கிளை இருந்தால், அவ்வழக்கைப் பொறுத்தவரை அக்கிளையே கம்பெனியின் இடம், தலைமை அலுவலகம் கணக்கில் வாராது. கிளையோடு வியவகாரம் செய்தவனைத் தலைமையகம் உள்ள ஊருக்கு அலைய விடுவது பெருந்துன்பம் என்பதையும் நீதிபதிகள் எடுத்துக் கூறினர். பம்பாயில் மூட்டை ஏறவும் இல்லை, எரியவும் இல்லை. ஆதலின் அவ்வூர்க் கோர்ட்டுக்கு இவ்வழக்கில் அதிகாரமே கிடையாது. இல்லாத அதிகாரத்தை இருவர் கையெழுத்தினால் உண்டாக்க இயலாது. கம்பெனியின் அப்பீல் தள்ளுபடி ஆயிற்று.

ஆனால் ரசீது வரி எங்கும் செல்லாது என்று எண்ணிவிடலாகாது. இரண்டு கோர்ட்டுகளுக்கு உண்மையாகவே அதிகாரம் இருக்குமாயின், ஒன்றைத் தேர்ந்து எழுதிக்கொண்டால் அது செல்லும் என்று 1971-லேயே தீர்ப்பு உண்டு. 1989-இல் சேலத்து வணிகர் ஒருவர், குஜராத் கம்பெனியின் தாளில் "மட்டும்" போன்ற சொல் இல்லாமையால் சேலத்திலேயே வழக்கு நடத்தும் உரிமை பெற்றார். 2013-இல் வந்த தீர்ப்போ, கருத்துத் தெளிவாயிருப்பின் அச்சொல் இல்லாவிடினும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்கிறது. எனவே கையெழுத்திடுமுன் படிப்பதே நலம். (நாம் படித்தோமா என்று கேட்காதீர்கள்.)

வியாபாரத்துக்கன்றி வீட்டுக்காக ஒன்றை வாங்கினாலோ அனுப்பினாலோ இன்னும் எளிய வழி உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். கம்பெனி கல்கத்தாவில் இருந்தால் என்ன, காஷ்மீரில் இருந்தால் என்ன! கொடுத்த விலையோ கூலியோ 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. கெடு 2 ஆண்டுகள். லாரிச் சரக்காயின், அனுப்பப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. கிளையில் போய் வாய்ச்சண்டை இட்டது நோட்டீஸ் ஆகாது.

நாம் இவற்றை அறிந்தபோது 180 நாட்களும் கடந்துவிட்டன. 2 ஆண்டுகளும் கடந்துவிட்டன. பீரோவில் கண்ணாடி இருந்த இடத்தில் காலண்டர் தொங்குகிறது.

காலனியில் யாருக்கேனும் இத்தகைய நஷ்டம் நேரின் ரசீதைக் கிழித்தெறிய வேண்டா. ஞாயிறு மாலையில் சங்க அறைக்கு எடுத்து வாருங்கள். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ நோட்டீஸ் எழுத இயலாதோர்க்கு நாம் எழுதித் தருகிறோம். தபாலுக்கான காசு மட்டும் கொண்டு வருக.