சிறைவாசலில் நின்றவர்கள்

நம் தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961-இல். அதே ஆண்டு தீபாவளிக்கு, இந்த ஊரின் கதையைச் சொன்ன ஒரு படம் திரைக்கு வந்தது. அதுதான் ‘கப்பலோட்டிய தமிழன்’. ம.பொ.சி. எழுதிய வ.உ.சி. வரலாற்றை வைத்து பி.ஆர்.பந்துலு எடுத்த படம். வ.உ.சி.யாக சிவாஜி, பாரதியாக எஸ்.வி.சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே.சண்முகம், இசைக்கு ஜி.ராமநாதன். இத்தனை பேர் கூடி உழைத்தும், அன்று வசூலில் படம் தோற்றது.

பழைய படங்களைத் தேடிப் பார்ப்பதும், பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் எனக்குப் பல வருஷப் பழக்கம். தேதி போட்டுத்தான் எழுதுவேன். இந்த ஒரு படத்துக்கு மட்டும் என் நோட்டில் மூன்று குறிப்புகள் இருக்கின்றன.

முதல் குறிப்பு பள்ளிக்கூட வயதில் எழுதியது. சிவாஜி செக்கிழுக்கும் காட்சியைப் பார்த்து அழுததாக இரண்டே வரி.

இரண்டாவதைக் கல்லூரி நாளில் கோபமாக எழுதியிருக்கிறேன். ஜெமினி கணேசனுக்கும் சாவித்திரிக்கும் இந்தப் படத்தில் காதல் எதற்கு? வரலாற்றில் இல்லாததை ஏன் நுழைக்க வேண்டும்?

மூன்றாம் முறை பார்ப்பதற்குள் கொஞ்சம் வரலாறு படித்திருந்தேன். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் ஒரு பங்கு 25 ரூபாய். அப்படி 40,000 பங்குகள், மொத்தம் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்டார்கள். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. கொழும்புப் பாதையில் போட்டியைத் தாங்க முடியாத வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே போனது. இதெல்லாம் மனத்தில் இருக்க, படத்தை மறுபடி பார்த்தபோது அந்தக் காதல் வேறு மாதிரித் தெரிந்தது. சாவித்திரியின் பாத்திரத்துக்குப் பெயர் கண்ணம்மா. பி.பி.ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் பாட, பாரதியின் கண்ணம்மா பாட்டு அந்தக் காதல் வழியாகத்தான் படத்துக்குள் வருகிறது. விடுதலை கேட்டு முழங்கிய அதே பாரதி, காதலில் இப்படிக் குழைந்தவனும்தான். அதையும் சேர்த்துத்தான் பந்துலு நமக்குத் தந்திருக்கிறார். பழைய குறிப்பை நான் அடிக்கவில்லை. அதன் கீழே, ‘அவசரப்பட்டுவிட்டேன்’ என்று எழுதினேன்.

படத்தில் ஓர் இடம் இன்னும் என்னை விடவில்லை. 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வ.உ.சி. விடுதலையாகி வெளியே வருகிறார். அவர் கைதானதற்காக ஊரே கொதித்தெழுந்து ஐந்து வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. ஆனால் வாசலில் கூட்டம் இல்லை. தொழுநோயால் உருக்குலைந்த சுப்பிரமணிய சிவா நிற்கிறார். நண்பரை நண்பருக்கே அடையாளம் தெரியவில்லை. அந்தக் காட்சியில் சிவாஜியும் சண்முகமும் குரலை உயர்த்தாமலே நம்மை உடைத்துவிடுகிறார்கள்.

வாழ்ந்த மனிதருக்குச் சிறைவாசலில் கூட்டம் இல்லை. அவர் கதையைச் சொன்ன படத்துக்குக் கொட்டகை வாசலில் கூட்டம் இல்லை. இன்று துறைமுகத்துக்கே வ.உ.சி. பெயர். படத்தை வீட்டுக்கு வீடு தெரியும். யாரோ சிலர் திரும்பத் திரும்பப் பார்த்து, பேசி, எழுதி வைத்ததால் வந்த மாற்றம் அது.

நேயர்களே, இந்த வாரம் ஒரு பழைய படம் பாருங்கள். பிடித்ததோ பிடிக்கவில்லையோ, தேதி போட்டு நான்கு வரி எழுதுங்கள். பத்து வருஷம் கழித்து அதே படத்தை மறுபடி பாருங்கள். படம் அப்படியேதான் இருக்கும். நீங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதை அந்த நான்கு வரி சொல்லும்.

தன் காலத்தில் கூட்டம் சேராத படங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றுக்காகவும் வாசலில் யாராவது நிற்க வேண்டும். சிவா நின்றதைப்போல நாமும் நிற்போம்.