வகையறிந்து வைத்தல்

(கெங்கவல்லியில் தமிழன்பர்களிடையே நிகழ்ந்த உரை)



'அவன் வந்தது' என்று மாணவன் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். சொல் இரண்டும் நற்சொற்களே, சேர்க்கைதான் தவறு. உயர்திணைப் பெயர் அஃறிணை முடிபு கொண்டமையால் அது திணைவழு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் திணைப் பாகுபாட்டினின்றே தொடங்கினார். நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாக வகுத்தார். ஒரு சொல்லை ஆளுமுன் அஃது எவ்வகையினது என்று வினவுதலே தமிழிலக்கணத்தின் முதற்பாடம்.

கணிப்பொறியின் முதற்பாடமும் அதுவே. மென்பொருள் தன்னிடம் வரும் செய்திகளை ஒரு பொருளாகத் தொகுத்துத் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. அப்பொருளின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு வகை உண்டு. முழுவெண், பதின்ம எண், எழுத்துத்தொடர், நாள், ஆம்-இல்லை என்பன அவ்வகைகளுட் சில. ஒன்றற்குரிய கட்டத்தில் மற்றொன்று புகுந்தால் அது வகைவழு. 'சேமிக்க இயலவில்லை' என்று பொறி மறுப்பதற்கு இவ்வழுவும் ஒரு பெருங்கரணியம்.

இம்மண்ணினின்றே ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. ஆத்தூர், கெங்கவல்லிப் பகுதிகளில் மரவள்ளி விளைகிறது. கிழங்கின் விலை எடையால் மட்டும் அமைவதன்று. மாவுச்சத்துப் புள்ளியாலும் அமைவது. கிழங்கு வாங்குமிடத்திற்கு ஒருவர் கணக்கு மென்பொருள் எழுதுகிறார் என்று கொள்க. உழவர் பெயர், ஊர், கைப்பேசி எண், எடை, புள்ளி, நாள், பணம் தந்தாயிற்றா என ஏழு கட்டங்கள். எல்லாம் நிரப்பிச் சேமிக்க முயன்றால் பொறி மறுக்கிறது. செய்வதென்ன?

முதற்கண் மறுப்புரையை முழுதும் படித்தல் வேண்டும். எந்தக் கட்டம், எதிர்பார்த்த வகை எது, வந்தது எது என்னும் மூன்றும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். இல்லையேல் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேமித்துப் பார்த்தால் வழுவுடைய கட்டம் தானே வெளிப்படும்.

இங்கே பழுது கைப்பேசி எண்ணில். அதனை நான்கு பைட்டு முழுவெண்ணாக வகுத்துவிட்டனர். அவ்வகை 2,147,483,647-க்கு மேல் ஏற்காது. இந்தியக் கைப்பேசி எண்களோ பத்திலக்கம் உடையன. 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் தொடங்குவன. ஒன்றுகூட அதனுள் அடங்காது. எட்டுப் பைட்டாக விரித்தால் அடங்கும். ஆனால் சுழியில் தொடங்கும் தொலைபேசி எண் தன் முதற்சுழியை இழக்கும். எனவே அது மருந்தன்று. கைப்பேசி எண்ணை எவரும் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. பெயரால் அஃது எண், தொழிலால் அடையாளம். ஆதலின் எழுத்துத்தொடராக வைத்தலே முறை.

மறுக்கும் வழு நல்ல வழு. வாய்திறவா வழுவே கொடிது. புள்ளிக்குரிய கட்டத்தை முழுவெண்ணாக வகுத்தால், 28.5 என்பதைச் சில மென்பொருள்கள் மறுக்காமல் 28 என்றே சேமித்துவிடும். ஆயிரம் கிலோவுக்குப் புள்ளியொன்றுக்கு 300 உருபா என்று கொண்டால், பத்தாயிரம் கிலோ விற்ற உழவர்க்கு 1,500 உருபா இழப்பு. திருடியவன் எவனும் இல்லை. பொருள் மட்டும் போயிற்று! நாளும் அவ்வாறே. 13/04 என்பதை மாதம் முன்வைக்கும் அமெரிக்க முறைப் பொறி மறுக்கும். 12/04 என்பதையோ திசம்பர் 4 என்று ஏற்றுக்கொள்ளும். ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எழுதி, நாள்வகைக் கட்டத்திலேயே வைத்தால் இம்மயக்கம் நீங்கும்.

இவை சிற்றூர்க் கணக்கின் சிறுபிழைகள் என்று இகழற்க. 1996 சூன் 4-ஆம் நாள் பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்தினின்று எழுந்த ஏரியன் 5 ஏவூர்தி ஏறத்தாழ 40 நொடியில் சிதறியது. முந்திய ஏரியன் 4-க்கு எழுதிய மென்பொருட் பகுதியை அப்படியே எடுத்தாண்டனர். புதிய ஏவூர்தியின் கிடைமட்ட விரைவு மிகுதி. 64 இருமக் கூறுகளில் இருந்த எண்ணை 16 இருமக் கூறு முழுவெண்ணாக மாற்றுகையில், 32,767 என்னும் எல்லையை அது மீறியது. கலம் சிறிது, பொருள் பெரிது.

தமிழ்ப்பெயர்க்கு நேரும் இடரும் இத்தகையதே. 'கெங்கவல்லி' என்பதில் தமிழ் மாணவன் எண்ணும் எழுத்து ஆறு. ஒருங்குறியில் அவை பத்துக் குறியிடங்கள். பரவலாக வழங்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் குறியிடம் ஒன்றுக்கு மூன்று பைட்டாக முப்பது பைட்டுகள். ஊர்ப்பெயர்க்கு இருபது பைட்டு போதுமென்று ஆங்கில எழுத்தை அளவாக வைத்து வகுத்த கட்டத்தில் கெங்கவல்லிக்கு இடமில்லை! ஒருங்குறி ஏற்காத பழைய எழுத்துவகைக் கட்டமாயின் பெயர் வெறுங் கேள்விக்குறிகளாக மாறி நிற்கும். மறுப்புமில்லை; பெயருமில்லை; அதிலிருந்து மீட்கவும் வழியில்லை.

'அப்படியாயின் ஆங்கிலத்தில் எழுதிவிடுக' என்பார் உளர். கால் செருப்புக்குள் நுழையவில்லை என்று காலை வெட்டுவார் உண்டோ? தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியையும், எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் 'டேசு 16' என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. எனவே வழி இல்லாமலில்லை. வகுப்பவர் நினைவில் தமிழ் இல்லாமையே குறை.

மென்பொருள் பயிலும் இளந்தோழர்களே! கட்டம் வகுக்குமுன் வகையை வினவுங்கள். பெயர்க்கட்டத்தை ஒருங்குறி வகையில் அகலமாக அமையுங்கள். நீண்ட தமிழ்ப்பெயர்களைக் கொண்டே முதற்சோதனை நடத்துங்கள். வாசலிலேயே வழுவைத் தடுத்து, அதனைத் தமிழிலேயே பயனர்க்கு எடுத்துரையுங்கள். உழவரின் அரைப்புள்ளியும் அவர்தம் பெயரின் ஓரெழுத்தும் தொலையாமல் காப்பது உங்கள் கையில் உள்ளது. பெயரைக் குறைக்காதீர்கள்; கட்டத்தை விரியுங்கள்!