பழுப்புக் காகிதப் பைக்குள் புத்தகம்
வால்டர் டீன் மயர்ஸ்: ஒரு கறுப்பின இளையோர் நாவலாசிரியர்

(மாணவர் விடுதி ஒன்றில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கறுப்பின இலக்கியம் என்றால் நம் கூட்டங்களில் சில பெயர்கள் தவறாமல் வரும். ரிச்சர்ட் ரைட், ஜேம்ஸ் பால்ட்வின், டோனி மாரிசன், ஆலிஸ் வாக்கர். நான் பேச வந்திருக்கும் வால்டர் டீன் மயர்ஸ் அந்த வரிசையில் வருவதில்லை. காரணம், அவர் பெரும்பாலும் பெரியவர்களுக்கு எழுதவில்லை. பள்ளியில் படிக்கிற, பள்ளியை விட்டு ஓடிப்போன, சிறுவர் சிறையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு எழுதினார். அந்த வகையை அங்கே ‘யங் அடல்ட்’ நாவல் என்கிறார்கள். நாம் இளையோர் நாவல் என்று வைத்துக்கொள்வோம். ‘பிள்ளைங்க கதைதானே’ என்று தள்ளிவைக்கிற புத்தி முற்போக்காளர்களுக்கும் உண்டு. நானும் அப்படித் தள்ளினவன்தான். அவருடைய ‘மான்ஸ்டர்’ நாவலைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் பிறந்தது 1937 ஆகஸ்ட் 12, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில். பெற்றோர் வைத்த பெயர் வால்டர் மில்ட்டன் மயர்ஸ். கைக்குழந்தைப் பருவம் தாண்டுவதற்குள் தாய் இறந்துபோனார். வீட்டில் வறுமை, நிறையப் பிள்ளைகள். அப்பாவின் முதல் மனைவி ஃப்ளாரன்ஸ், அதற்குள் ஹெர்பர்ட் டீன் என்பவரை மணந்திருந்தார். அவர்கள் இருவரும்தான் பையனை நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். நம்ம ஊர் முறையில் சொன்னால் பெரியம்மா வீட்டில் வளர்ந்த பிள்ளை. ஃப்ளாரன்ஸ் வீடுகளைச் சுத்தம் செய்தும் தொழிற்சாலைகளிலும் உழைத்தவர். ஹெர்பர்ட் ஒரு கம்பெனியில் துப்புரவுத் தொழிலாளி. பின்னாளில் எழுத்தாளரானபோது ‘மில்ட்டனை’ எடுத்துவிட்டு ‘டீனை’ வைத்துக்கொண்டார். வளர்த்தவர்கள் பெயர் அட்டையில் இருக்கட்டும் என்று.

ஃப்ளாரன்ஸ் தான் படிக்கும் காதல் கதைப் பத்திரிகைகளை விரலால் தொட்டுத்தொட்டு வாசித்துக் காட்டுவார். பள்ளிக்கூடம் போகுமுன்பே பையன் படிக்கக் கற்றது அப்படித்தான். எந்தக் கல்வியாளரும் சிபாரிசு செய்யாத பாடப்புத்தகம்!

ஆனால் வாய் திறந்தால் வார்த்தை சரியாக வராது. பேச்சுக் குறை. வகுப்பு சிரிக்கும், சிரித்தவனை இவன் அடிப்பான், தண்டனை கிடைக்கும். ஐந்தாம் வகுப்பில் பாடவேளையில் காமிக்ஸ் படித்து மாட்டிக்கொண்டான். ஆசிரியை அதைக் கிழித்துப் போட்டார். ஆனால் அதோடு விடவில்லை. தன்னிடமிருந்த நல்ல புத்தகங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். உச்சரிக்க முடியாத எழுத்து வராதபடி நீயே எழுதி, அதை வகுப்பில் வாசி என்ற யோசனையும் பள்ளியில்தான் கிடைத்தது. நாக்கு தடுக்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போகத்தான் முதலில் எழுதினார்.

நூலகத்திலிருந்து புத்தகங்களைப் பழுப்புக் காகிதப் பைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருவாராம். தெருப் பையன்கள் பார்த்தால் கேலி செய்வார்கள். படிப்பதே ஆம்பளைப் பையனுக்கு அவமானம் என்று நினைக்கவைக்கிற தெரு அது. பைக்குள் இருந்த புத்தகங்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. வயது ஏற ஏறத்தான் அவருக்கு அது தெரிந்தது. தான் ரசித்துப் படித்த எதிலும் தன்னைப்போல ஒருத்தன் இல்லை, தன் தெரு இல்லை. அந்த இடத்தில் வாசிப்பே கசந்துபோனது.

ஸ்டைவெசன்ட் என்கிற பெயர்பெற்ற பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை என்று தெரிந்ததும் அங்கே போவதை நிறுத்தினார். ‘என்ன நடந்தாலும் எழுதுறத விட்டுடாத’ என்று அந்தப் பள்ளி ஆசிரியை ஒருவர் சொன்ன பேச்சு மட்டும் மனதில் தங்கியது. 1954-இல் 17 வயது நிறைந்த நாளில் ராணுவத்தில் சேர்ந்தார். திரும்பி வந்து தபால் நிலையம், கட்டட வேலை என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். கட்டட வேலை செய்துகொண்டிருந்த ஒரு நாள் அந்த ஆசிரியையின் பேச்சு ஞாபகம் வந்ததாம். ராத்திரிகளில் எழுத ஆரம்பித்தார்.

பால்ட்வினின் ‘சன்னீஸ் ப்ளூஸ்’ சிறுகதை அவருக்குக் கிடைத்ததும் இந்தக் காலத்தில்தான். ஹார்லெமில் வாழும் இரண்டு சகோதரர்களின் கதை. அந்தக் கதை தன் தெருவைப் பற்றி எழுத எனக்கு அனுமதி தந்தது என்கிற பொருளில் அவர் பின்னால் எழுதினார். அனுமதி என்கிற சொல்லைக் கவனியுங்கள். ஒருத்தன் தன் சொந்தத் தெருவைப் பற்றி எழுத இன்னொருத்தரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது!

அந்த நாட்டு நிலைமை எப்படி இருந்தது என்றால், 1965-இல் நான்சி லாரிக் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை வந்த 5,206 சிறுவர் நூல்களைக் கணக்கெடுத்தார். எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பர் தலைகாட்டியவை 6.7 சதவீதம்தான். அந்தச் சமயத்தில் உருவான ‘இனங்களுக்கிடையிலான சிறுவர் நூல் மன்றம்’ கறுப்பின எழுத்தாளர்களுக்குப் போட்டி வைத்தது. 1968-இல் மயர்ஸ் அதில் வென்றார். அந்தக் கதை 1969-இல் ‘பகல் எங்கே போகிறது?’ என்ற பொருள்படும் தலைப்பில் படப்புத்தகமாக வந்தது. ஒரு கறுப்பு அப்பா, பல இனத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார், பகலும் இரவும் வருவது எப்படி என்று பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் கறுப்பு அப்பன் என்றால் குடிகாரன், ஓடிப்போனவன் என்று சொல்லிவைத்திருந்த நாட்டில், பிள்ளைகளுக்கு நின்று நிதானமாய்ப் பதில் சொல்கிற ஒரு அப்பா.

முதல் நாவல் வந்த கதை வேடிக்கையானது. அவர் எழுதிய ஒரு சிறுகதையை, நாவலின் முதல் அத்தியாயம் என்று தப்பாக நினைத்துக்கொண்டார் ஒரு பதிப்பாசிரியர். ஒரு விருந்தில் பார்த்தபோது ‘மீதிக் கதை எப்படிப் போகுது?’ என்று கேட்டார். மயர்ஸ் சளைக்காமல் அங்கேயே நின்று மீதியை இட்டுக்கட்டிச் சொன்னார். ஒப்பந்தம் கையெழுத்தானது. 1975-இல் வந்த ‘ஃபாஸ்ட் சாம், கூல் க்ளைட் அண்ட் ஸ்டஃப்’ அதுதான். 116-ஆவது தெருப் பிள்ளைகள், அவர்களுடைய சிரிப்பு, சாவு, சிநேகிதம்.

இனி ஹெர்பர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பயங்கரக் கதைகள் சொல்லிப் பையனை நடுங்கவைத்தவர் அவர். அவ்வளவு கதை சொன்ன மனுசன், மகன் எழுதிய புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. மகன் கொண்டுவந்து கொடுப்பார். அவர் வாங்கி வைத்துக்கொள்வார். அது மகனுக்கு ஆறாத காயம். நம்மை மதிக்கவில்லை என்றே நினைத்திருந்தார். ஹெர்பர்ட் இறந்தபிறகு அவருடைய காகிதங்களைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பெருக்கல் குறி. அவருக்குப் படிக்கத் தெரியாது. அத்தனை வருசமும் மகனிடம் அதைச் சொல்லாமலே இருந்திருக்கிறார். மகனுக்கோ அப்படி ஒன்று இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தினேன். எங்க அப்பாவும் கைநாட்டுதான். என் கட்டுரை வந்த பத்திரிகையை அவரிடம் கொடுத்தபோது தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு, ‘படம் போடலயா?’ என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு எரிச்சல் வந்தது.

தம்பி விஷயமும் அவரை விடவில்லை. அண்ணன் ராணுவத்துக்குப் போனதைப் பார்த்துத் தானும் சேர்ந்த தம்பி, 1968-இல் வியட்நாமில் செத்தான். இருபது வருசம் கழித்து 1988-இல் ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ வந்தது, தம்பிக்குச் சமர்ப்பணமாக. கல்லூரிக்குப் போகக் காசில்லாமல் போருக்குப் போகிற 17 வயது ஹார்லெம் பையன் ரிச்சி பெர்ரியின் கதை. வீரசாகசம் கிடையாது. பயம், சகதி, எதற்கு இங்கே இருக்கிறோம் என்கிற கேள்வி. கெட்ட வார்த்தை இருக்கிறது என்று பள்ளிகளில் எதிர்ப்பு. அமெரிக்க நூலகச் சங்கத்தின், அதிகம் எதிர்க்கப்பட்ட நூறு நூல்கள் பட்டியலில் 1990-களிலும் 2000-களிலும் அது இருந்தது. குண்டு விழலாம், கெட்ட வார்த்தை விழக்கூடாது.

‘மான்ஸ்டர்’ 1999-இல் வந்தது. இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது 2000-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதற்குத்தான் கிடைத்தது. ஸ்டீவ் ஹார்மன், 16 வயது. மருந்துக்கடைக்காரர் ஒருவர் கொள்ளையில் கொல்லப்படுகிறார். போலீஸ் இருக்கிறதா என்று முன்னால் போய்ப் பார்த்து வந்தவன் இவன் என்பது வழக்கு. அரசு வழக்கறிஞர் முதல் நாளே ‘மான்ஸ்டர்’, அதாவது அரக்கன் என்கிறார். சினிமா எடுக்க ஆசைப்பட்ட பையன் தன் வழக்கைத் திரைக்கதையாக எழுதுகிறான், இடையிடையே சிறைக்குறிப்பு. மயர்ஸ் சிறைகளுக்குப் போய்க் கைதிகளோடு நிறையப் பேசியவர். தங்கள் குற்றத்தைப் பேசும்போது அவர்கள் அதிலிருந்து தங்களை விலக்கி, வேறு யாருக்கோ நடந்ததுபோலப் பேசுவதைக் கவனித்தார். திரைக்கதை வடிவம் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். தன்னையே தூரத்தில் வைத்துப் படம்பிடிக்கிறான் பையன்.

இந்தக் கதையை மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு நாள் வாயால் சொன்னேன். முடித்ததும் ஒருத்தன், ‘அண்ணே, அவன் கடைக்குள்ள போனது பாக்கத்தானா, இல்லையா?’ என்றான். நாவல் அதை உடைத்துச் சொல்வதில்லை என்றேன். அவனுக்குக் கோபம். ‘நம்ம பையன் தப்பு செய்யலன்னு சொல்ல வேண்டியதுதானே?’ இன்னொரு பெண் பிள்ளை, ‘செஞ்சிருந்தா மட்டும் அரக்கனா?’ என்றாள். அன்று ஒன்பது மணிவரை சண்டை. ஸ்டீவ் விடுதலையாகிறான். சந்தோசத்தில் தன் வழக்கறிஞரைக் கட்டிப்பிடிக்கக் கை நீட்டுகிறான். அந்த அம்மா விறைத்துப்போய்த் திரும்பிக்கொள்கிறார். அவர் என்ன பார்த்தார் என்பதுதான் பையனை அதற்கப்புறம் தூங்கவிடாத கேள்வி. குற்றமற்ற புனிதனைக் காட்டி அனுதாபம் வாங்குவது சுலபம். மயர்ஸ் அதைச் செய்யவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். அவர் நாவல்களில் பையன்கள் நிறைய, பெண் பிள்ளைகள் ஓரம். தனி மனிதன் எடுக்கிற முடிவுக்குக் கொடுக்கிற அழுத்தத்தைச் சேர்ந்து போராடுவதற்குக் கொடுப்பதில்லை. நூற்றுக்கும் மேல் எழுதியதில் அவசரமாய் எழுதியவையும் உண்டு.

ஆனால் பதிப்புலகத்தை உள்ளிருந்து பார்த்தவர் அவர். 1970 முதல் 1977 வரை ஒரு பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்தார். பள்ளி நூலகங்களுக்கு அரசுப் பணம் வந்தவரை கறுப்புப் பிள்ளைகளின் கதைக்கும் இடம் இருந்தது. பணம் வற்றியதும் ‘சந்தை இல்லை’ என்றார்கள். இந்தத் துறையைப் புரட்டிப்போடப் போகிறோம் என்று நம்பினோமே என்று 1986-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வருந்தினார். 2012-இல் இளையோர் இலக்கியத்துக்கான தேசியத் தூதராக நியமிக்கப்பட்டபோதும் சிறுவர் சிறைகளுக்குப் போவதை விடவில்லை. 2014 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் மறுபடி எழுதினார். 2013-இல் வந்தவையாகக் கணக்கெடுத்த 3,200 சிறுவர் நூல்களில் கறுப்பின மக்களைப் பற்றியவை 93. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று சதவீதம்கூட இல்லை. அதே ஆண்டு ஜூலை 1 அன்று காலமானார்.

‘மான்ஸ்டர்’ தொடக்கப் பகுதியைத் தமிழில் செய்துவைத்திருக்கிறேன். நீதிமன்றச் சொற்களில் பல இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. சட்டக் கல்லூரித் தோழர்கள் இரண்டு பேர் கூட்டம் முடிந்ததும் இருந்து பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்திருக்கிறேன்.