நிற்காத தூரிகை



போன மாதம் ஒரு கண்காட்சியில் என் மேசைக்கு வந்த இளைஞர் ஒருவர், ஜப்பானிய அரிசி மதுவான சாக்கே ஊற்றும், நீலச் சித்திரம் எழுதிய பீங்கான் குப்பியைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்குங்க. ஆனா இதுல மண்ணே தெரியலையே" என்று வைத்துவிட்டுப் போனார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

குறையிலும் பழமையிலும் அழகு காணும் வாபி-சாபி என்ற ஜப்பானியச் சொல் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. சாக்கே கிண்ணம் என்றால் சொரசொரப்பாக, கோணலாக, தீ பட்ட தழும்போடு இருக்கவேண்டும். சித்திரம் எழுதிய பீங்கான் என்றால் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்கிற பழைய சங்கதி. இதுதான் இன்றைய நாகரிகம். ஜப்பானின் பிஸென் ஊர் மண்பாண்டங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதை உயர்த்திப் பிடிக்க இதைத் தாழ்த்துவானேன்? பீங்கானில் மண் தெரியாது, உண்மைதான். அங்கே தெரிவது கை. நான் பீங்கானில் சித்திரம் எழுதுகிறவள், அந்தக் கையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதேயோஷி கொரியாமீது நடத்திய படையெடுப்புகளுக்குப் பிறகு கொரியக் குயவர்கள் க்யூஷு தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான யி சாம்-பியோங், 1616இல் அரித்தா ஊரின் இசுமியாமா குன்றில் பீங்கான் கல்லைக் கண்டார் என்பது அவ்வூர் வழக்கு. கல்லை இடித்து மாவாக்கிப் பிசைந்தால் வெள்ளைக் களி. செய்த பாண்டங்கள் இமாரி துறைமுகத்தில் கப்பலேறியதால், அரித்தா சரக்குக்கு இமாரி என்றே பெயர் வந்துவிட்டது.

குப்பிக்குத் தொக்குரி என்று பெயர், கிண்ணத்துக்கு ஒச்சோக்கோ. ஒரு 'கோ' என்பது 180 மில்லிலிட்டர். தொக்குரி பெரும்பாலும் ஒரு கோ அல்லது இரண்டு கோ பிடிக்கும். சாக்கேயை ஊற்றி, வெந்நீரில் குப்பியை நிறுத்தி, 40லிருந்து 50 டிகிரிவரை சூடாக்குவார்கள். முழுதாக வெந்த பீங்கான் எதையும் உறிஞ்சாது. நேற்றைய வாசனை இன்றைய சாக்கேயில் ஏறாது. உதட்டில் படும் விளிம்பை அவ்வளவு மெல்லியதாக இழைக்கவும் முடியும்.

சித்திரம் வெறும் அலங்காரம் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மது தயாரிக்கும் ஆலைகளில் சாக்கேயைச் சுவைத்துத் தரம் பார்க்க ஒரு கிண்ணம் உண்டு. வெள்ளைக் கிண்ணம், அடியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நீல வளையங்கள். பாம்பின் கண் என்பார்கள். வெள்ளையில் சாக்கேயின் நிறம் தெரியும். நீலமும் வெள்ளையும் சேரும் ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா, மங்குகிறதா என்பதை வைத்துத் தெளிவைக் கண்டுபிடிப்பார்கள். தரம் பார்க்கிறவரின் கண்ணுக்கே துணை அந்த நீலம்தான்.

இனி என் மனசுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். தாமி. நீலத்தை நிரப்பும் வேலைக்கு அரித்தாவில் அதுதான் பெயர். பீங்கானைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கோட்டைத்தான் பாராட்டுகிறார்கள். கொக்கின் கழுத்து எவ்வளவு நளினம், மூங்கில் இலை எவ்வளவு கூர்மை! நான் சொல்கிறேன், கோட்டைப் பார்க்காதீர்கள், நீலத்தைப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவே பரந்து கிடக்கிறதே, அந்த நீலத்தை.

பாண்டத்தை முதலில் சுமார் 900 டிகிரியில் ஒரு வேக்காடு வேகவைப்பார்கள். அதன்மேல் மாதிரிப் படம் இறங்க வேண்டும். மெல்லிய தாளில் சுரைக்காய் ஓட்டுக் கரியால் வரைந்து, பாண்டத்தின்மேல் வைத்துத் தேய்த்தால் சுவடு விழும். சூளையில் கரி எரிந்து போய்விடும். அந்தச் சுவட்டின்மேல் கோபால்ட் மையால் கோடு. மையைத் தேநீரில் குழைக்கிறவர்கள் உண்டு. அந்தத் துவர்ப்பு மையைக் கட்டிப் பிடிக்கும்.

அதற்குப் பிறகுதான் தாமி. தூரிகை கட்டை விரலைவிடத் தடிமன். மையை வயிறு முட்டக் குடித்திருக்கும். பாண்டத்தைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, தூரிகையின் வயிற்றை விரலால் மெல்ல அழுத்தினால் மைநீர் சொட்டாகத் திரளும். அந்தச் சொட்டைக் கோட்டுக்குக் கோடு நகர்த்திக்கொண்டே போகவேண்டும். முடிகிற இடத்தில் விரலைத் தளர்த்தினால், மிஞ்சிய நீரைத் தூரிகையே உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை வெந்த பீங்கான் தாகம் எடுத்த மணல் மாதிரி, பட்டவுடன் குடித்துவிடும். ஒரு கணம் கை நின்றால் அந்த இடம் கறுத்துவிடும், அழிக்க முடியாது. நிற்காத கை, அதுதான் தாமி.

இன்னொரு கஷ்டமும் உண்டு. எழுதும்போது அந்த மை நீலமாகவே இருக்காது. அழுக்குச் சாம்பல் நிறம். மேலே கண்ணாடிப் பூச்சு பூசி, 1300 டிகிரி வெக்கையில் வெந்து வெளியே வந்தபின்தான் நீலம். கண்ணால் காணாத நிறத்தைக் கை அளந்து வைக்கிறது.

அரித்தாவில் நெடுங்காலமாகக் கோடு எழுதுவது ஆண்கள் வேலையாகவும், தாமி பெண்கள் வேலையாகவும் இருந்தது. அவ்வூர்க் குயவர்களான காக்கியேமோன் பரம்பரையின் பெயர் உலகத்துக்கே தெரியும். நீலம் நிரப்பிய பெண்களின் பெயர் எந்தப் பாண்டத்தின் அடியிலும் இல்லை. இது என் மனசில் கிடந்து உறுத்துகிற விஷயம்.

என்னிடம் இரண்டு கோ பிடிக்கும் பழைய தொக்குரி ஒன்று இருக்கிறது. உடம்பெல்லாம் ஆக்டோபஸ் கொடி: சுருள் சுருளாக ஓடும் தண்டு, அதில் ஆக்டோபஸின் உறிஞ்சிகள்போல் வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள். இந்தக் கொடியை முன்காலத்தில் ஓரக்கோடு இழுத்து உள்ளே நீலம் நிரப்பினார்கள். ஜப்பானின் எடோ காலத்தின் பிற்பகுதியில் ஒரே இழுப்பில் எழுதிவிட்டார்கள். என் குப்பி முன்னதைச் சேர்ந்தது. கழுத்துப் பக்கம் ஒரு சுருளில் நீலம் மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டே போய், திடீரென்று அடர்கிறது. தூரிகையில் மை தீர்ந்து, நீலம் நிரப்பியவள் மறுபடி தோய்த்து வந்திருக்கிறாள். அவள் மூச்சு வாங்கிய இடம் அது. மண் தெரியவில்லை என்றாரே அந்தத் தம்பி, அவருக்கு இந்தச் சுருளைக் காட்டியிருக்கவேண்டும்.

அச்சு ஒட்டிய கிண்ணத்தில் இது கிடையாது. நீலம் எங்கும் ஒரே சீராக, புள்ளிப் புள்ளியாக இருக்கும். ஒட்டின் இரு முனையும் சேரும் இடத்தில் கொடி துண்டாகிக் கிடக்கும். அதை வாங்குவது தவறில்லை. அதைக் கையால் எழுதிய சித்திரம் என்று விற்பதுதான் எனக்கு ஆற்றாமை. எனவே திரும்பவும் சொல்கிறேன்: கோட்டைப் பார்க்காதீர்கள், நீலத்தைப் பாருங்கள்.

ஜப்பானின் இன்னொரு பீங்கான் மரபான குத்தானியை விட்டுவிட்டாயே என்று சிலர் கேட்பீர்கள். பச்சை, மஞ்சள், ஊதா, கருநீலம், சிவப்பு என்ற அந்த ஐந்து நிறங்களும், கிண்ணத்தின் உட்புறத்தில் மயிரிழை எழுத்தில் கவிதை எழுதும் அந்த வித்தையும் வணங்கத்தக்கவை. அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். அரித்தாவுக்குப் பக்கத்து ஊரான ஹசாமியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே செய்த வெள்ளைக் குப்பிகளில் 'ஜப்பான் சாக்கே' என்று டச்சு மொழியில் நீலத்தால் எழுதி, சாக்கேயை நிரப்பி, நாகசாகியிலிருந்து கப்பலேற்றினார்கள். தூரிகை பழகிய கை அந்நிய எழுத்தையும் சித்திரமாகவே எழுதியிருக்கிறது.

அரித்தாவில் ஒரு பட்டறையில் சில வாரம் நான் தாமி பழகினேன். கற்றுக்கொடுத்த பாட்டியம்மா அதிகம் பேசமாட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "நிற்காதே, நிற்காதே" என்பார், அவ்வளவுதான். நான் நின்று நின்றுதான் எழுதினேன். சூளை திறந்த அன்று என் கிண்ணம் வெளியே வந்தது; நான் எழுதிய மலையெல்லாம் கறுப்புத் திட்டு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். மலைக்குக் கீழே, ஆற்றில், ஒரு நகத்தளவு இடம் மட்டும் நீலம் தடையில்லாமல் ஓடியிருந்தது. அதன்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

அந்தக் கிண்ணம் இப்போதும் என் மேசையில் இருக்கிறது.