புள்ளிக்குப் பட்டா கிடையாது



இன்று காலை நம் திருவண்ணாமலை மாட வீதியில் ஒரு சிறுமி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி. "அந்த இழையைச் சுத்திக் கொண்டு வாடி" என்று பாட்டி சொல்லிக்கொடுத்தார். நின்று பார்த்தேன்.

அவள் போட்ட கோலத்தை நான் படம் எடுத்து என் பெயரில் விற்றால் தவறு. அதைத் தடுப்பது பதிப்புரிமை. மென்பொருளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. காப்புரிமை வேறு. 'ஊடுபுள்ளி வைத்து இழை சுற்றும் முறையே என்னுடையது. 20 ஆண்டுகள் எந்த வாசலில் போட்டாலும் எனக்குப் பணம் கட்டு' என்பது அது. யாரையும் பார்க்காமல் நீங்களே யோசித்துப் போட்டிருந்தாலும் தப்ப முடியாது.

இது கற்பனை அல்ல. நீங்கள் தினமும் பார்க்கும் ஜிஃப் படம் 1987-ல் வந்தது. படத்தைச் சுருக்க அது பயன்படுத்திய கணக்குமுறைக்கு ஸ்பெர்ரி நிறுவனம் 1985-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தது; பின்னர் அது யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. உலகமே ஜிஃபுக்குப் பழகிய பிறகு, 1994 டிசம்பரில், யூனிசிஸ் மென்பொருள் எழுதுவோரிடம் உரிமத் தொகை கேட்டது. அதனால்தான் கட்டணமில்லாத பிஎன்ஜி வடிவத்தைத் தன்னார்வலர்கள் உருவாக்கினார்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒரு வேலி இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. கணித முறை, வணிக முறை, படிமுறை ஆகியவற்றுக்கும், கணினி நிரலை அப்படியே கொண்டுவந்தால் அதற்கும் காப்புரிமை இல்லை என்கிறது 2002-ல் சேர்த்த அந்தப் பிரிவு. அந்த வேலியைப் பலமுறை அசைத்துப் பார்த்தார்கள். சுனாமி அடித்த அதே 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம், வன்பொருளோடு சேர்ந்தால் நிரலுக்கும் காப்புரிமை தரலாம் என்றது. 2005-ல் நாடாளுமன்றம் அந்த வாசகத்தை நீக்கியது. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டு நெறிமுறையாக அதே ஆபத்து திரும்பி வந்தது. மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் போன்ற அமைப்புகள் எதிர்த்தன. டிசம்பரிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். வேலி தானாக நிற்கவில்லை, தோழர்களே. ஆட்கள் நின்றதால் நிற்கிறது.

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்குப் பெரிய நிறுவனங்கள் நிறையக் கொடுக்கின்றன; அவ்வகை இயங்குதளமான லினக்ஸின் கருவில் பெரும்பகுதியை எழுதுவது அவற்றின் ஊழியர்கள்தான். வரவேற்கிறேன். ஆனால் 2007-ல், லினக்ஸ் உள்ளிட்டவை தன் 235 காப்புரிமைகளை மீறுவதாகச் சொன்ன மைக்ரோசாஃப்ட், 2018-ல் லினக்ஸைக் காக்கும் காப்புரிமைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. இன்று நட்பு, நாளை யார் கையில் எந்தக் காப்புரிமை இருக்கும்? ஒரு நிறுவனத்தின் நல்ல மனதை நம்பி ஊர்ச்சொத்தை விட்டுவைக்க முடியாது.

கார்த்திகை தீபத்துக்கு நாம் எல்லோரும் நெய்க் காணிக்கை செலுத்துகிறோம். ஒருவர் ஒரு கிலோ, ஒருவர் ஒரு டின். அத்தனையும் ஒரே கொப்பரையில் சேர்கிறது. டின் கொடுத்தவர் மலை உச்சியில் தன் பெயர்ப்பலகை வைக்க முடியுமா? கட்டற்ற மென்பொருளும் அந்தக் கொப்பரை போலத்தான்.

தமிழில் 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைச் சொல்லித் தருகிறது. அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தைத் தந்தது. மாலை நேரத்தில், சம்பளமின்றித் தமிழுக்கு நிரல் எழுதும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? நிரலை மூடி வைத்துவிடுவார்கள். அந்த இழப்பு தமிழுக்கு.

மாணவர்களே, உங்கள் நிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுங்கள். காப்புரிமை அலுவலகம் வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது, திருவண்ணாமலையிலிருந்தும் கடிதம் போகட்டும். நாளை காலையும் அந்தப் பாட்டி யாரையும் கேட்காமல் பேத்திக்கு இழை சுற்றச் சொல்லித்தர வேண்டும். நிரல் எழுதும் பிள்ளைக்கும் அதே உரிமை வேண்டும்.