பொன்னும் செம்பும் ஊர்ப்பெயரும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்முனை, வீரமுனை, சம்மாந்துறை, காரைதீவு என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். இன்று எங்களிற் பலர் கடல் கடந்து வாழ்கிறார்கள். எங்களுக்கு முன்பே இந்தக் கிழக்குக் கரையிலிருந்து கடல் கடந்து போன ஒருத்தியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இலண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் அவள் நிற்கிறாள். உயரம் 143 சென்ரிமீற்றர். நமது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்கலத்தில் வார்த்துப் பொன் முலாம் பூசிய தாரா தேவியின் சிலை அது. காலம் கி.பி. 8ஆம் நூற்றாண்டு. வலக்கை வரம் கொடுக்கும் பாவனையில் தாழ்ந்திருக்கிறது. இடக்கை வெறுமையாக இருக்கிறது. முன்னர் அறிஞர் சிலர் அவளைப் பத்தினித் தெய்வம் என்றும் எண்ணினார்கள்.

மெழுகில் உருவம் செய்து, களிமண்ணால் மூடி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது அந்த வார்ப்பு முறை. உள்ளே கூடு இல்லாமல் முழுக்க உலோகமாகவே இந்த உயரத்தில் வார்ப்பது இலேசான வேலையல்ல. ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் அத்தனை உலோகமும் உழைப்பும் வீண்.

1812 முதல் 1820 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் இதைக் கொண்டுபோனார். 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். மேலாடையில்லாத உருவம் என்பதால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணிற் படாமல் உள்ளே வைத்திருந்தார்கள். ஆய்வாளருக்கு மட்டுமே காட்டினார்கள். இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் நாம் பார்ப்பது அதன் பிரதியைத்தான்.

அவள் எங்கிருந்து போனாள்? பதிவில் இருப்பது, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரை என்பது மட்டுமே. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த மண்ணின் கீழ் என்று ஒரு சொல் இல்லை. பொருள் பத்திரமாக இருக்கிறது. ஊரின் பெயர் தொலைந்துவிட்டது. சிலையை இழந்ததைவிட இதையே பெரிய இழப்பாக நான் எண்ணுகிறேன். சிலை ஒருநாள் திரும்பி வரலாம். அதனோடு கிடந்தவை என்ன, யார் வழிபட்டார்கள் என்ற செய்தி இனி வராது.

இந்தக் கதை நமக்கு மட்டும் உரியதல்ல. தென் அமெரிக்காவின் பழங்குடிக் கம்மாளர்கள் பொன்னையும் செம்பையும் கலந்து நகை செய்தார்கள். அதைச் சுட்டு, புளிப்பான செடிச் சாற்றால் மேற்புறத்துச் செம்பை அகற்றினார்கள். உள்ளே செம்பு கலந்திருக்க, வெளியே முழுப் பொன்னாக மின்னும். 1533இல் ஸ்பானியர் இன்கா அரசன் அத்தஹுவல்ப்பாவின் மீட்புப் பொருளாக வந்த பொன் வேலைப்பாடுகளை உருக்கிக் கட்டிகளாக்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது எடைதான்.

மாறான கதையும் உண்டு. 1987இல் வட பெருவில் சிப்பான் என்ற ஊரில் கொள்ளையர் பழைய சமாதி ஒன்றைத் தோண்டி விற்கத் தொடங்கினர். பொலிசார் வால்ற்றர் அல்வா என்ற தொல்லியலாளரை அழைத்தார்கள். அவர் அங்கேயே காவலிருந்து, முறையாக அகழ்ந்து, பக்கத்தில் கொள்ளையர் கை படாத அரச சமாதி ஒன்றைக் கண்டார். எந்த நகை எந்த இடத்தில் இருந்தது என்று எழுதப்பட்டதால் அந்த மக்களின் வாழ்வையே இன்று படிக்க முடிகிறது. கொள்ளை போனவற்றுள் ஒரு பொன் அணி 1997இல் அமெரிக்காவில் பிடிபட்டு, அடுத்த ஆண்டு பெருவுக்குத் திரும்பியது. எந்த இடத்துப் பொருள் என்று சொல்ல முடிந்ததால்தான் அதைத் திருப்பிக் கேட்கவும் முடிந்தது.

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் எடுத்துச் சென்ற, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த பீரங்கி உட்பட ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. அவற்றின் வரலாற்றை ஆய்வாளர்கள் தேடித் தொகுத்த பின்னரே அது நடந்தது.

சகோதரிகளே, இனி நம் வீட்டுக்குள் வருவோம். அம்மம்மாவின் அட்டியலையும் உம்மம்மாவின் கைக்காப்பையும் நாம் என்ன செய்தோம்? பெரும்பாலும் உருக்கிப் புதுமாதிரி செய்தோம். நான் யாரையும் குறை சொல்லவில்லை. சீதனம் கொடுக்க வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்து ஓட வேண்டியிருந்தது. 2004இல் கடல் வந்து வீட்டையே கொண்டுபோனது. வெற்றிலை வட்டாவும் படிக்கமும் செம்புக் குடமும் பழைய இரும்புக்காரரின் தராசில் எடைக்குப் போயின. அங்கேயும் எடைதான் பேசியது.

மண்ணுக்குள் இருந்து கிடைக்கும் பழம்பொருள் அரசுக்கு உரியது. அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் வீட்டுப் பரணில் உள்ள வட்டாவுக்கு எந்தச் சட்டமும் காவல் நிற்காது. அதற்கு நாம்தான் காவல்.

ஆகவே நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஒரு பதிவேடு தொடங்குவோம். பொருளைத் தர வேண்டாம்; அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு படம் எடுங்கள். எந்த ஊர், யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு வந்தது, எந்தச் சடங்கில் வைத்தார்கள், எந்தத் தட்டார் செய்தார், நம் வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று ஐந்து வரி எழுதி அனுப்புங்கள். நகையை மாற்றத்தான் வேண்டுமென்றால், பட்டறைக்குக் கொண்டுபோகுமுன் படம் எடுத்துவிடுங்கள். நம் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளை வழியாகவே வருகின்றன. அந்த வீட்டுச் சாமான்களின் கதையும் பெண்களிடமே இருக்கிறது. தாய்மார் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இலண்டனில் இருக்கும் சகோதரிகள் வசதிப்பட்டால் ஒருநாள் தாராவையும் பார்த்து வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நம் கரையிலிருந்து வந்தவள் என்று சொல்லிக் கொடுங்கள்.