எலும்பு வளர ஒரு வேலி

உடலிற் காயம்பட்ட இடமெல்லாம் ஆறும். ஆனால், ஆறிய இடமெல்லாம் பழைய நிலையை அடைவதில்லை. தோலிலே ஆழமான வெட்டு விழுந்தால் வடு எஞ்சுகிறது. எலும்போ இவ்விடயத்திற் பேறுபெற்றது. முறிந்த துண்டுகள் பொருந்தி அசையாதிருக்குமானால், அது வடுவை விடாது மீண்டும் எலும்பையே ஆக்கிக்கொள்ளுகிறது. இத்துணை ஆற்றல் வாய்ந்த எலும்பு, சில வேளைகளில் ஒரு சிறு பள்ளத்தைத்தானும் நிரப்பமாட்டாது தோற்றுவிடுவது ஏன்?

இது வெறும் ஆராய்ச்சி வினாவன்று. உணவை மென்று உண்ண முடியாது தவிக்கும் பலருடைய வாழ்வைத் தொடும் வினாவாகும். பல்லைப் பிடுங்கியபின் அதைத் தாங்கிநின்ற எலும்பு நாளடைவிற் கரைந்துபோகிறது. கடைவாய்ப் பகுதியிலே, ஓராண்டுக்குள் எலும்பு வரம்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை 2003 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுவீடன் நாட்டின் கொத்தன்பேர்க் நகரிலே, 1965 ஆம் ஆண்டில், பேராசிரியர் பிறனெமார்க் ரைட்டேனிய உலோகத்தாலான செயற்கை வேர்களை முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையிற் பொருத்தினார். பல்லிழந்தோர்க்கு அது பெரும் வரப்பிரசாதமாயிற்று. ஆயினும், வேரை ஊன்றுவதற்கு எலும்பு வேண்டுமன்றோ? எலும்பு தேய்ந்தவர்க்கு அவ்வரம் எட்டாக் கனியாகவே இருந்தது.

எலும்பு தோற்பதன் காரணம் அதன் பலவீனமன்று, அதன் மந்தகதியே. காயமுற்ற பள்ளத்தினுள் முதலிற் குருதி உறைகிறது. அவ்வுறைவுக்குள்ளே பலவகைக் கலங்கள் குடியேற முந்துகின்றன. முரசின் மேற்றோற் கலங்களும் நாரிழையக் கலங்களும் விரைந்து பெருகுவன; எலும்பை ஆக்கும் கலங்களோ ஆறுதலாக வருவன. நெற்பயிர் தலையெடுக்குமுன் களை மூடிவிட்ட வயல் போல, அப்பள்ளம் நாரிழையத்தால் நிரம்பிவிடுகிறது. காயம் ஆறிவிடுகிறது, எலும்பு மாத்திரம் தோன்றவில்லை. காயத்தில் முதலிற் குடியேறும் கலங்கள் எவையோ, அவையே அங்கு எவ்விழையம் உருவாகும் என்பதைத் தீர்மானிக்கும் என்னும் கருத்தைப் பல்லைச் சூழ்ந்த இழையங்கள் பற்றி 1976 ஆம் ஆண்டில் மெல்ச்சர் என்பார் தெளிவாக எடுத்துரைத்தார்.

களையைத் தடுக்க வேலியிட்டால் என்ன? இவ்வெண்ணம் புதியதன்று. 1959 ஆம் ஆண்டிலேயே ஹேளி என்பவரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும், நாய்களின் முள்ளந்தண்டில் மென்னிழையம் உட்புகாதவாறு தடுப்பிட்டு, எலும்பு வளர்வதை ஆராய்ந்தனர். 1982 இல் நைமனும் அவருடைய குழுவினரும் மனிதப் பல்லொன்றின் வேரருகே நுண்துளைத் தாளொன்றை வைத்து, அழிந்த இழையத்தை மீண்டும் வளரச் செய்தனர். ஐயத்துக்கு இடமில்லாத சான்று 1988 இல் வெளியாயிற்று. டாலின் என்பாரும் அவரது தோழரும் முப்பது எலிகளின் கீழ்த்தாடையில், இருபுறமும் ஒரே அளவான துளைகளை இட்டனர். ஒரு புறத்தை ரெப்லோன் என்னும் பிளாஸ்டிக் மென்படலத்தால் மூடினர். மறுபுறத்தை வாளா விட்டனர். மூடிய பக்கத்தில் ஆறு வாரத்துள் எல்லா எலிகளிலும் துளை எலும்பால் நிரம்பியது. மூடாத பக்கத்திலோ இருபத்திரண்டு வாரம் சென்றும் எலும்பு வளர்ந்ததற்கான அடையாளம் அரிதாகவே இருந்தது. மருந்தொன்றும் இடப்படவில்லை; வேலி ஒன்றே வேறுபாடு.

ரெப்லோன் வேலியில் ஒரு குறையுண்டு. அது உடலிற் கரையாது. ஆதலின் அதனை எடுக்க இரண்டாவது சத்திரசிகிச்சை வேண்டும். இக்குறையை நீக்க வந்தவையே தாமாகக் கரையும் படலங்கள். அவற்றுட் சில விலங்குகளின் கொலாசன் புரதத்தாலானவை. சில பொலி இலத்திக்கமிலம் போன்ற பிளாஸ்டிக்கினாலானவை. பின்னவற்றுள் ஒருவகை வைத்தியரின் கைக்கு இசைந்து வளைவது. அதனை இளக்கும் கரைப்பானில் ஊறவைத்தால் மிருதுவாகும். தாடையின் வளைவுக்கேற்பக் கத்தரித்துப் படியவைக்கலாம். பின் உடலின் ஈரம் பட்டதும் கரைப்பான் வெளியேற, படலம் அவ்வடிவிலேயே விறைத்து நிற்கும். நாளடைவில் நீர் அதன் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளை அறுக்கிறது. பிறக்கும் இலத்திக்கமிலம் உடலுக்கு அந்நியமானதன்று; ஈற்றில் அது காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் வெளியேறிவிடும்.

விறைத்து நிற்றல் ஏன் இன்றியமையாதது? வேலி சரிந்து பள்ளத்துள் விழுந்தால், எலும்பு வளர இடமில்லாது போய்விடும். ஆதலாற் பெரிய குறைகளில், படலத்தின் கீழே எலும்புத் துகளை நிரப்பிக் கூரைக்கு முட்டுக்கொடுப்பதும் உண்டு. அன்றியும், மேலே முரசு இழுபடாது மூடியிருத்தல் வேண்டும். கீழிருந்து குருதி ஓட்டம் வருதல் வேண்டும். உறைந்த குருதி அசையாதிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் பயன் குன்றும். முரசு பிளந்து படலம் வெளித்தெரியின், வாயிலுள்ள கிருமிகள் அதன்மேற் குடியேறும். புகைபிடிப்போரிடத்துக் காயம் ஆறுவது தாமதிக்கும். கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளோர்க்கும் இவ்வாபத்து மிகுதி.

நோயாளி அறியவேண்டியது ஒன்றுண்டு. இது சில நாளில் முடியும் சிகிச்சையன்று. புதிய எலும்பு செயற்கை வேரைத் தாங்கும் உறுதியைப் பெறப் பல மாதங்கள் செல்லும். எல்லாக் குறைகளையும் இதனால் நிரப்பவும் முடியாது. பெரிய இழப்புகளுக்கு உடலின் வேறிடத்திலிருந்து எலும்பை எடுத்து ஒட்டவேண்டி நேரிடலாம். நன்மை தீமைகளையும் செலவையும் வைத்தியரிடம் முன்னரே கேட்டறிந்து முடிவுசெய்தல் அறிவுடைமை.

பிளாஸ்டிக் எலும்பை வளர்ப்பதில்லை. எலும்பு தானே வளர்கிறது. வைத்தியர் செய்வதெல்லாம், மெல்ல நடந்து வருபவனுக்காக வாசலைக் காத்து, அவன் வந்துசேரும் வரை மற்றவர் இடம்பிடியாது பார்த்துக்கொள்வதே. இயற்கையின் ஆற்றலுக்குப் போதிய அவகாசம் அளிப்பதும் வைத்தியக் கலையின் ஒரு பெரும் பகுதியாகும்.